பயன்பாட்டுவாதமும் பாகூர் ஏரித் தண்ணீரும்

பயன்பாட்டுவாதம் என்பது, ஒரு செயல் சரியா தவறா என்பதை அச்செயலால் விளையும் நன்மை தீமைகளைக் கொண்டு முடிவு செய்யும் அறவியல் கொள்கை ஆகும். செய்பவரின் எண்ணம் எவ்வளவு தூயது, செயல் மரபுக்கு ஏற்றதா, சமயநூல் அதை ஒப்புகிறதா என்ற கேள்விகளை இக்கொள்கை முதலில் எழுப்புவதில்லை. அச்செயலால் பாதிக்கப்படும் எல்லோரையும் சேர்த்துப் பார்க்கும்போது இன்பம் கூடுகிறதா, துன்பம் கூடுகிறதா என்றே கேட்கிறது. "பெரும்பான்மையோருக்குப் பெருநன்மை" என்ற தொடரால் பலரும் இதை அறிவர். தமிழில் பயனெறிக் கொள்கை, பயனீட்டுவாதம் என்ற பெயர்களும் இதற்கு வழங்குகின்றன.

பாடநூல்களில் இக்கொள்கையை விளக்குவதற்குத் தடம் மாற்றப்படும் வண்டி, ஆள் மிகுந்து மூழ்கும் படகு போன்ற கற்பனைச் சூழல்களைத் தருவது வழக்கம். புதுச்சேரியின் ஊர்ப்புற மாணவருக்கு அவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் நேர்ந்தவற்றைப் பார்த்தாலே, இக்கொள்கை எங்கே உதவுகிறது, எங்கே இடறுகிறது என்பது விளங்கும். யாருடைய பயன், யாருடைய செலவில், எத்தனை ஆண்டுகளுக்கு என்ற மூன்று கேள்விகளும் அங்கே தண்ணீரோடு சேர்ந்தே ஓடுகின்றன.

கொள்கையின் தோற்றம்

பயன்பாட்டுவாதத்தின் தந்தை என்று ஆங்கிலேயரான ஜெரமி பெந்தாம் (1748–1832) குறிக்கப்படுகிறார். ஆயினும் பெரும்பான்மையோரின் மகிழ்ச்சி என்ற கருத்து அவருக்கு முன்பே உருவாகிவிட்டது. பின்னாளில் கிளாஸ்கோவில் பேராசிரியரான பிரான்சிஸ் ஹட்சிசன் 1725-இலும், இத்தாலியரான செசாரே பெக்காரியா 1764-இலும் தம் நூல்களில் அதைப் பேசியுள்ளனர். பிரெஞ்சு அறிஞர் எல்வெசியஸின் எழுத்துகளும் பெந்தாமை ஈர்த்தன. பெந்தாம் செய்தது என்னவென்றால், அறிஞர்களின் பேச்சாக இருந்த அக்கருத்தைச் சட்டம் இயற்றுவோர் கையில் எடுத்து அளக்கக்கூடிய ஓர் அளவுகோலாக மாற்றியதே.

1789-இல் வெளியான தம் முதன்மை நூலில், இன்பத்தையும் துன்பத்தையும் ஏழு கூறுகளால் அளக்கலாம் என்றார் அவர். அவை: செறிவு, நீடிக்கும் காலம், உறுதி, அண்மை, மேலும் இன்பம் விளைவிக்கும் திறன், துன்பம் கலவாத தூய்மை, எத்தனை பேரை அது எட்டுகிறது என்னும் பரப்பு. உணர்ச்சியைப் படி, மரக்கால் போட்டு அளக்க முடியுமா என்று அன்றே பலர் கேட்டனர். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தப் பட்டியலின் கடைசிக் கூறாகிய பரப்பில்தான் கொள்கையின் உயிர் இருக்கிறது. கணக்கில் ஒவ்வொருவரும் ஒருவராகவே எண்ணப்பட வேண்டும், எவரும் ஒருவருக்கு மேல் எண்ணப்படக் கூடாது என்பது பெந்தாமின் நிலை. பிரபுவின் மகிழ்ச்சிக்கும் அவர் வீட்டு வேலையாளின் மகிழ்ச்சிக்கும் ஒரே எடை. பிறப்பால் மேல் கீழ் பார்க்கும் சமுதாயம் எதுவாயினும், அதற்கு இது எளிதில் செரிக்கும் கருத்தன்று.

விலங்குகளையும் அவர் விட்டுவிடவில்லை. ஓர் உயிர் பேசுமா, சிந்திக்குமா என்று பார்ப்பதைவிட, அது துன்பத்தை உணருமா என்று பார்ப்பதே முறை என்று அதே நூலில் ஓர் அடிக்குறிப்பில் எழுதினார். இதன் பொருத்தம் ஊசுட்டேரியைப் பற்றிப் பேசும்போது தெரியவரும்.

பெந்தாமின் மாணவர் போன்ற ஜேம்ஸ் மில்லும் (1773–1836), அவர் மகன் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் (1806–1873) இக்கொள்கையை வளர்த்தனர். மகன் எழுதிய 'பயன்பாட்டுவாதம்' 1861-இல் ஓர் இதழில் கட்டுரைகளாக வந்து 1863-இல் நூலானது. இன்பங்களில் அளவு மட்டுமன்றித் தர வேறுபாடும் உண்டு என்பது அவர் செய்த திருத்தம். பெரும்பான்மையின் பெயரால் தனிமனிதர் நசுக்கப்படக் கூடாது என்பதை 1859-இல் வெளியான தம் சுதந்திரம் பற்றிய நூலில் அவர் வற்புறுத்தினார்.

புதுச்சேரியோடு உள்ள தொடர்பு

பெந்தாமுக்கும் பிரெஞ்சு நாட்டுக்கும் நெருங்கிய உறவு இருந்தது. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1792-இல் அவருக்கு மதிப்புறு குடியுரிமை அளித்தது. அவருடைய கையெழுத்துப்படிகளைத் தொகுத்து ஜெனீவாவைச் சேர்ந்த எத்தியென் துமோன் 1802-இல் பாரிசில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். பெந்தாமின் புகழ் ஐரோப்பாவெங்கும் பரவியது பெரும்பாலும் அந்தப் பிரெஞ்சுப் பதிப்பால்தான்.

1793-இல் பிரெஞ்சுத் தேசிய மன்றத்தை நோக்கி அவர் ஒரு சிறு நூல் எழுதினார். உங்கள் குடியேற்ற நாடுகளை விடுதலை செய்யுங்கள் என்பதே அதன் செய்தி. மனிதர் அனைவரும் சமம் என்று பாரிசில் முழங்கிவிட்டுக் கடலுக்கு அப்பால் உள்ளவர்களைக் கேட்காமலே ஆள்வது முரண் என்று அவர் வாதிட்டார். ஆள்வோருக்கும் அதனால் ஆதாயம் இல்லை என்றும் கணக்குக் காட்டினார். அந்நாளில் புதுச்சேரி பிரெஞ்சுக் குடியேற்றங்களுள் ஒன்று. அதே 1793 ஆகஸ்டில் ஆங்கிலேயப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தது. விடுதலை செய்யச் சொன்னவரின் சொந்த நாடே வந்து கைப்பற்றியது வரலாற்றின் வேடிக்கை. 1816-இல் அது மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றது.

ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் பயன்பாட்டுவாதம் அரசாங்கக் கோப்புகளிலேயே நுழைந்தது. ஜேம்ஸ் மில் 1817-இல் இந்திய வரலாறு எழுதி, 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் சேர்ந்தார். மகன் 1823 முதல் 1858 வரை அங்கேயே பணி செய்தார். மெக்காலே தலைமையில் 1837-இல் வரைவாகி 1860-இல் சட்டமான இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பெந்தாமின் சாயல் தெளிவாக உண்டு. ஆனால் தந்தை மில் இந்தியாவைப் பார்க்காமலே அதன் வரலாற்றை எழுதினார். மகன் மில், சுதந்திரம் பற்றிய தம் கொள்கை 'வளர்ச்சி பெறாத' மக்களுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கி வைத்தார். ஒவ்வொருவரையும் ஒருவராக எண்ண வேண்டும் என்ற கொள்கையினர், எண்ணத் தொடங்குமுன்பே கோடிக்கணக்கானோரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டனர். இது கொள்கையின் குறையா, கொண்டவர்களின் குறையா என்பது இன்றும் வாதத்துக்குரியது. கொண்டவர்களின் குறை என்று கொள்வதே பொருத்தம் எனத் தோன்றுகிறது. ஏனெனில் அவர்களைக் கண்டிக்கும் அளவுகோலையும் அந்தக் கொள்கையே தருகிறது.

பிரெஞ்சு ஆட்சியிலும் எண்ணிக்கை நேர்மையாக இருக்கவில்லை. 1880-இல் கொம்யூன்கள் அமைக்கப்பட்டபோது வில்லியனூரும் பாகூரும் தனித்தனிக் கொம்யூன்கள் ஆயின. ஊர் மன்றங்களுக்குத் தேர்தல் வந்தது. ஆனால் வாக்காளர்கள் ஐரோப்பியர், இந்தியர் என வெவ்வேறு பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். எண்ணிக்கையில் மிகச் சிறியவர்களான ஐரோப்பியரின் வாக்குக்குப் பாகூர் உழவரின் வாக்கைவிடப் பல மடங்கு எடை இருந்தது.

வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18-இல் நடந்த வாக்கெடுப்பை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். சட்டமன்ற, நகர்மன்ற உறுப்பினர்கள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். 8 பேர் எதிர்த்தனர். பயன்பாட்டுவாதத்தைப் பெரும்பான்மை ஆட்சி என்று மட்டும் புரிந்துகொண்டால் 170-ஐ எண்ணியவுடன் வேலை முடிந்துவிடும். ஆனால் இக்கொள்கையில் அந்த எட்டுப் பேரின் நலனும், அவர்களைப் போல எண்ணியோரின் நலனும் கூட்டலில் வர வேண்டும். 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தம் குறிப்பிட்ட பிரிவினர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வழி விட்டது; மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சு மொழியின் இடத்தையும் காத்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நிறைவேறியது. வாக்கில் தோற்றவரின் இழப்பைக் குறைத்தால் மொத்த நன்மை கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆயியின் கதை

புதுச்சேரி அரசின் சின்னத்தில் காணப்படும் வெண்மண்டபம் பாரதி பூங்காவில் உள்ளது. ஆயி மண்டபம் என்பது அதன் பெயர். அதனுடன் ஒரு கதை இணைந்துள்ளது. விசயநகர ஆட்சிக் காலத்தில் வில்லியனூர்க் கோயிலை நோக்கிப் பயணம் செய்த ஆட்சியாளர் ஒருவர், வழியில் விளக்குகளால் ஒளிர்ந்த மாளிகை ஒன்றைக் கண்டு கோயில் என்று எண்ணிக் கைகூப்பினார். அது ஆயி என்னும் கணிகையின் வீடு என்று அறிந்ததும் சினந்து அதை இடிக்க ஆணையிட்டார். தன் வீட்டைத் தானே இடித்துக்கொள்ள அனுமதி வேண்டிய ஆயி, அந்த இடத்தில் தன் பொருளைச் செலவிட்டு மக்களுக்காகக் குளம் வெட்டினாள். மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் (1852–1870), புதுச்சேரி நகருக்குக் குடிநீர் இல்லாத குறையைத் தீர்க்க லமைரெஸ் என்ற பொறியாளர் முத்திரையர்பாளையத்திலிருந்து நீர் கொண்டுவந்தார். அந்நீரின் பின்னணியைக் கேட்ட பேரரசர் ஆயியின் நினைவாக மண்டபம் எழுப்பச் செய்தார் என்பர். (தமிழ்ப் பாடல்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1867-இல் நூலாக்கியவரும் இந்த லமைரெஸ்தான்.)

மண்டபமும் குடிநீர் வந்ததும் வரலாறு. ஆயியின் வீடு இடிந்தது வாய்மொழிக் கதை. கதையாயினும் அறவியல் மாணவருக்கு அது சிறந்த பயிற்சி. ஒரு வீடு போயிற்று. ஊருக்கு நீர் வந்தது. நூற்றாண்டுகள் கழித்து ஒரு நகரமே குடித்தது. பெந்தாமின் ஏழு கூறுகளில் எதைக் கொண்டு அளந்தாலும் குளமே வெல்லும். அப்படியானால் வீட்டை இடிக்க ஆணையிட்டவர் செய்தது சரியா? விளைவை மட்டும் பார்த்தால் சரி என்று சொல்ல நேரிடும். ஆனால் அவர் குளம் வெட்டச் சொல்லவில்லை. தம் மானம் குறைந்ததாக எண்ணித் தண்டித்தார். நன்மை முழுவதும் ஆயியின் முடிவால் விளைந்தது. தண்டித்தவரின் செயலையும் தண்டிக்கப்பட்டவளின் கொடையையும் ஒரே கூட்டலில் போடும்போது ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதி மறைந்துபோகிறது. அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971-இல் பயன்பாட்டுவாதத்தின் மீது வைத்த முக்கியமான குற்றச்சாட்டு இதுவே: ஒருவரின் இழப்பை இன்னொருவரின் லாபத்தால் ஈடுகட்டும்போது, அவர்கள் இரு வேறு மனிதர்கள் என்பதை இக்கொள்கை மறந்துவிடுகிறது.

பாகூரிலும் இதற்கு இணையான கதை உண்டு. பங்காரி, சிங்காரி என்னும் இரு பெண்கள் தம் செல்வத்தைக் கொண்டு வாய்க்கால்கள் வெட்டுவித்தனர் என்றும், பங்காரு வாய்க்காலுக்கு அவ்வாறே பெயர் வந்தது என்றும் ஊரார் சொல்வர். இரு கதைகளிலும் சமுதாயம் மதிக்காத பெண்களே ஊருக்கு நீர் தருகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பொதுநன்மையைப் பாராட்டும் ஊர், அதற்காக விலை கொடுத்தவர்களைக் கதையில் மட்டும் வைத்துக்கொண்டது.

திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வரும் ஊருணி உவமையை இங்கு நினைக்காதவர் இருக்க மாட்டார்கள். பயன்பாட்டுவாதத்துக்கும் அதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. வள்ளுவர் கொடுப்பவரின் பண்பைப் பேசுகிறார். பெந்தாம் பெறுவோரின் தொகையைப் பேசுகிறார். ஆயியின் கதையை விளக்க இரண்டும் தேவைப்படுகின்றன.

பாகூர் ஏரி

புதுச்சேரிப் பகுதியின் நெற்களஞ்சியம் என்று பாகூர் அழைக்கப்படுகிறது. ஊரின் பழமைக்கு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடுகள் சான்று. பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதை அவை கூறுகின்றன. வயலில் விளைந்ததன் ஒரு பகுதி கல்விக்குச் சென்ற ஏற்பாடு அது.

பாகூர் ஏரி, ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரி. தென்பெண்ணை ஆற்றில் தமிழ்நாட்டுப் பகுதியிலுள்ள சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே இதற்கு நீர் வருகிறது. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே மிகுநீர் வெளியேறிக் கீழுள்ள ஏரிகளுக்குச் செல்லும். மதகு திறந்தால் முதலில் தலைமடை வயல்களும் கடைசியில் கடைமடை வயல்களும் நனையும்.

தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள உறவு பயன்பாட்டுவாதத்தின் நடைமுறைப் பாடம். தண்ணீர் குறைந்த ஆண்டில் தலைமடைக்காரர் தம் வயலுக்கு மூன்றாம் முறை பாய்ச்சினால் விளைச்சல் சற்றுக் கூடலாம். அதே நீர் கடைமடைக்குப் போனால் கருகும் பயிர் பிழைக்கும். ஒரே அளவு தண்ணீர், இல்லாதவரிடம் போகும்போது அதிகப் பயன் தருகிறது. பொருளியலில் இதைக் குறைந்து செல்லும் இறுதிநிலைப் பயன்பாடு என்பர். செல்வத்தை ஓரளவு சமமாகப் பங்கிடுவது மொத்த மகிழ்ச்சியைக் கூட்டும் என்று பெந்தாம் சொன்னதும் இந்தக் காரணத்தாலேயே. ஏரிப்பாசன ஊர்களில் முறை வைத்து நீர் விட்டதும், மடை திறக்கத் தனியாக ஆள் அமர்த்தி அவருக்கு நெல் அளந்ததும், நிலத்துக்கேற்ப ஆளனுப்பித் தூர் வாரியதும் இந்தக் கணக்கை நடைமுறையில் செய்து காட்டின. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் உழவர்களின் பங்களிப்பால் ஏரிகளைப் பராமரித்த பொதுநிதி அமைப்புகளும் இருந்தன.

பழைய முறையைப் பொற்காலம் என்று எண்ணிவிடக் கூடாது. முறைநீரில் பங்கு நிலம் உள்ளவருக்கே. நிலமற்ற கூலித் தொழிலாளர் கரையை உயர்த்தினர், வாய்க்காலில் இறங்கினர், ஆனால் எப்போது மடை திறப்பது என்று பேசும் கூட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. பெண்களுக்கும் இல்லை. ஏரியின் பயனை ஏக்கர் கணக்கில் மட்டும் எழுதும்போது வேறு பலவும் விடுபட்டுப் போகின்றன: கால்நடைக்குத் தண்ணீர், மீன், வயலுக்கு வண்டல், கரையிலுள்ள பனை, கோடையிலும் வற்றாத வீட்டுக் கிணறு. வில்லியனூர்ச் சுடுமண் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தக் கைவினைஞருக்கு வேண்டிய களிமண் நீர்நிலைகள் தந்த கொடை. ஆயக்கட்டுக் கணக்கில் அதற்குப் பத்தி இல்லை.

ஆழ்துளைக் கிணறு வந்தபின்

1960-களுக்குப் பின் உயர் விளைச்சல் நெல் வகைகளும் மின்மோட்டாரும் சேர்ந்து வந்தன. ஏரி நீருக்குக் காத்திருந்தால் ஒரு போகம், ஆழ்துளைக் கிணறு இருந்தால் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று போகம், கரும்பும் வைக்கலாம். உழவுக்கு மின்சாரம் இலவசமானபோது இறைக்கும் தண்ணீருக்குச் செலவே இல்லை என்ற நிலை வந்தது. பசியோடு இருந்த நாட்டுக்கு நெல் கிடைத்தது, பல குடும்பங்கள் கடனிலிருந்து மீண்டன, பிள்ளைகள் படித்தார்கள். இதைச் சிறிய நன்மை என்று யாரும் சொல்ல முடியாது.

கிணறு வைத்திருந்தவர்களுக்கு ஏரி தேவைப்படவில்லை. அவர்களே ஊரில் செல்வாக்குள்ளவர்கள். அவர்கள் விலகியதும் தூர் வாரும் கூட்டு முயற்சி தளர்ந்தது. வாய்க்கால்களில் ஆக்கிரமிப்பும் நெய்வேலிக் காட்டாமணக்கும் புகுந்தன. ஏரி சரிவர நிரம்பாமல் போகவே, அதன் கசிவால் ஊறிவந்த கிணறுகளும் இறங்கின. கிழக்கே கடல் அருகில் இருப்பதால் பாகூர்ப் பகுதிக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. நிலத்தடி நன்னீர் அளவுக்கு மீறி இறைக்கப்பட்டால் கடல்நீர் உள்ளே வரும். கரையோரச் சிற்றூர்களில் கிணற்றுநீர் உவர்த்தது அவ்வாறே. உவர்ப்பு ஏறிய நீர்த்தாங்கியை மீட்பது ஓர் ஆண்டு மழையால் ஆகும் வேலையன்று.

இதில் எந்த உழவர் தவறு செய்தார்? ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஊரில் பத்து உழவர். முதல் ஆழ்துளைக் கிணறு போட்டவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் கூடுதல் வருவாய். நீர்மட்டம் சற்று இறங்குவதால் மற்ற ஒன்பது பேருக்கும் தலைக்கு 1,000 ரூபாய் செலவு. 9,000 கழித்தால் ஊருக்கு 11,000 ரூபாய் லாபம். பயன்பாட்டுவாதம் அதை ஏற்கும். நீர்மட்டம் இறங்க இறங்க, ஒவ்வொரு புதுக் கிணறும் பிறருக்குத் தரும் இழப்பு கூடும். ஏழாவது கிணறு போடும்போது மற்றவருக்குத் தலைக்கு 3,000 ரூபாய் இழப்பு என்று கொள்வோம். போட்டவருக்கு அப்போதும் அதே 20,000 லாபம். ஆனால் பிறர் இழப்பு 27,000. ஊருக்கு 7,000 ரூபாய் நட்டம். முதல்வர் செய்த அதே செயலைத்தான் ஏழாமவரும் செய்தார். ஒன்று சரி, மற்றது தவறு.

ஏழாமவரிடம் போய் இதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்பதை ஊரறிந்தவர் எளிதில் ஊகிப்பர்: "முதல்ல போட்டவங்கள யாரும் கேக்கல, என்னை மட்டும் ஏன் கேக்கறீங்க?" இந்தக் கேள்விக்குப் பயன்பாட்டுவாதத்துக்குள்ளேயே ஒரு விடை தேடப்பட்டது. ஒவ்வொரு செயலையும் தனித்தனியே எடைபோடுவது செயல்வழிப் பயன்பாட்டுவாதம். எல்லோரும் பின்பற்றினால் மிகுந்த நன்மை தரும் விதி எது என்று பார்த்து அவ்விதிப்படி நடப்பது விதிவழிப் பயன்பாட்டுவாதம். கிணறுகளுக்கு இடையே இத்தனை தொலைவு, இத்தனை ஆழம், கடலோரத்தில் புதிய கிணறு இல்லை என்பன போன்ற விதிகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. புதுச்சேரியின் 2002-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் அடிப்படை எண்ணம் இதுவே.

இன்னொரு சிக்கல் காலம் பற்றியது. பெந்தாமின் பட்டியலில் 'அண்மை' ஒரு கூறு. இன்று கிடைப்பதற்கு நாளை கிடைப்பதைவிட எடை அதிகம். 1874-இல் தம் அறவியல் நூலை வெளியிட்ட ஹென்றி சிட்ஜ்விக் இதை ஒப்பவில்லை. ஒருவர் எந்தக் காலத்தில் வாழ்கிறார் என்பது அவர் மகிழ்ச்சியின் மதிப்பைக் குறைக்காது என்றார். பாகூர்க் கிணற்றில் உப்பேறினால் நட்டம் அடைவோரில் பெரும்பாலோர் இன்னும் பிறக்கவில்லை. அவர்களுக்கு வாக்கும் இல்லை, கிராமக் கூட்டத்தில் பேச வாயும் இல்லை.

எல்லையும் கணக்கும்

பிரெஞ்சு இந்தியாவின் நிலப்பரப்பு தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையே திட்டுத்திட்டாகச் சிதறிக் கிடந்தது, இன்றும் அப்படியே. பாகூர் கொம்யூனிலிருந்து கடலூருக்குப் போகும்போது எல்லை எங்கே வருகிறது என்பது புதியவருக்குப் புரியாது. நீருக்கு அந்த எல்லை கிடையாது. பாகூருக்கு வரும் தென்பெண்ணை நீர், மேலே திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையில் (1958) தேக்கப்பட்டபின் மிஞ்சி வருவது. அணையால் அங்கே பயன்பெறும் உழவர் பலர். ஆனால் ஓர் அரசு தன் குடிமக்களை எண்ணுவதைப் போல அண்டை ஆட்சிப்பகுதியின் மக்களை எண்ணுவதில்லை. பயன்பாட்டுவாதம் இந்த வேறுபாட்டை ஏற்காது. பாதிக்கப்படுவோர் எல்லோரும் கணக்கில் வர வேண்டும் என்பதே அதன் கட்டளை.

வில்லியனூரை ஒட்டிய ஊசுட்டேரியும் இரு ஆட்சிப்பகுதிகளில் கிடக்கிறது. சங்கராபரணி ஆற்றுநீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே இதற்கு வருகிறது. வலசை வரும் பறவைகளால் புகழ்பெற்ற இதன் புதுச்சேரிப் பகுதி 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. துன்பத்தை உணரும் எல்லா உயிரும் கணக்கில் உண்டு என்ற பெந்தாமின் அடிக்குறிப்பு இங்கே சட்டமாக வந்தது எனலாம். ஆனால் ஏரியை நம்பி மீன் பிடித்தோருக்கும் மாடு மேய்த்தோருக்கும் சரணாலய விதிகள் கட்டுப்பாடாகும். பறவையை எண்ணத் தொடங்கும்போது அவர்களை எண்ணாமல் விட்டால், பழைய தவறே வேறு உருவில் வரும்.

காந்தியடிகள் பெரும்பான்மையோரின் நன்மை என்ற தொடரையே ஏற்கவில்லை. ரஸ்கினின் நூலை 1908-இல் குஜராத்தியில் தழுவி எழுதி அதற்குச் 'சர்வோதயம்', அதாவது எல்லோருடைய உயர்வு, என்று பெயரிட்டார். ஐம்பத்தொரு பேருக்காக நாற்பத்தொன்பது பேரைக் கைவிடலாம் என்ற பொருள் அத்தொடரில் ஒளிந்திருக்கிறது என்பது அவர் அச்சம். கொள்கையை ஆழ்ந்து கற்றவர்கள் இது பெந்தாமுக்கு முழு நியாயம் செய்யவில்லை என்பர். ஆனால் திட்டங்களுக்காக நிலம் எடுக்கும் அலுவலர்கள் அத்தொடரைப் பயன்படுத்தும் விதத்தைப் பார்த்தால் காந்தியின் அச்சம் வீணானது என்று சொல்ல முடியாது.

ஏரிச் சங்கங்கள்

1990-களின் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. கரை, மதகு, கலங்கல், வரத்து வாய்க்கால் ஆகியவை செப்பனிடப்பட்டன. அதைவிட முக்கியமானது, ஒவ்வோர் ஏரிக்கும் அமைக்கப்பட்ட சங்கத்தில் யாரைச் சேர்ப்பது என்ற முடிவு. நிலம் உள்ளவர் மட்டும் போதும் என்று விடாமல், நிலமற்றவர்களும் பெண்களும் உறுப்பினர் ஆக்கப்பட்டனர்.

அதனால் கூட்டத்தில் பேசப்படும் பொருளே மாறியது. உழவர் மட்டும் கூடினால் கேள்வி ஒன்றுதான்: மதகை எப்போது திறப்பது? எல்லோரும் கூடினால், ஏரியின் மீன் ஏலத்தொகை யாருக்கு, மரங்களின் வருமானம் எங்கே போகும், மாடுகளுக்காகக் கோடையில் எவ்வளவு நீரை விட்டுவைப்பது, துணி துவைக்கும் படித்துறை எந்தக் கரையில் என்பனவும் வந்துவிடும். பெந்தாம் 'பரப்பு' என்று எழுதிய ஒரு சொல்லுக்கு நடைமுறையில் இவ்வளவு வேலை இருக்கிறது. கூட்டம் நீளும், சண்டையும் வரும். சங்கம் ஊக்கத்தோடு நடந்த ஊரும் உண்டு, திட்டப்பணம் தீர்ந்ததும் ஓய்ந்த ஊரும் உண்டு.

ஆழ்துளைக் கிணறுகள் அதே வயல்களில் இன்னும் ஓடுகின்றன. ஏரியில் நீர் நின்றால் கிணறு ஊறும் என்பதைக் கிணற்றுக்காரரும் அறிவார். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரி கலங்கல் தாண்டிய ஆண்டில் மோட்டாரின் தண்ணீர்க் குழாயைப் பார்த்தாலே அது தெரியும்.